இடத் தோளில் ஒரு தழும்பு

நமது சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வரைந்து தருக எனச் செயலாளர் அவர்கள் பணித்தபோது எளியேன் திகைத்தேன். சேரர் துறைமுகங்களைப் பற்றியும் சோழர் கல்வெட்டுகளைப் பற்றியும் எழுதப் புலவர் பலர் உளர். பத்தாம் வகுப்புத் தேர்வோடு பாடப் புத்தகத்தை மூடிவிட்டு, இரயில்வே அலுவலகத்தில் பேரேடுகளோடு காலம் கழிக்கும் ஒருவன் எதனை எழுதுவது? இவ்வெண்ணத்தோடு இருந்த ஒரு நாள், குளித்து வந்த என் மகன் தன் இடத் தோளைத் தொட்டுக் காட்டி, "இந்தத் தழும்பு எப்படி வந்ததப்பா?" என்று வினவினான். எனக்குப் பொருள் கிடைத்துவிட்டது.

அன்பர்களே! உங்கள் இடத் தோளைச் சற்றே பாருங்கள். நம் காலனியில் பிறந்து வளர்ந்தோருள் மிகப் பலரிடம், சிறு காசளவு வட்டமாக, நடுவில் குழிந்த தழும்பு ஒன்று இருக்கும். அதுவும் ஒரு கல்வெட்டே. தமிழகத்து மண்ணில் நடந்த ஒரு பெரும் போராட்டத்தின் கதை அதில் எழுதப்பட்டுள்ளது. அதனைப் படித்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் சொல்லத் தயங்கிய நோய்

காசநோய், க்ஷயரோகம், எலும்புருக்கி நோய் எனப் பல பெயர்களால் நம் முன்னோர் அழைத்த நோய் ஒன்று உண்டு. பெயர்கள் பலவாயினும் அவற்றை உரக்கச் சொல்லுவார் சிலரே. 1882 மார்ச் 24ஆம் நாள், பெர்லின் நகரில் இராபர்ட் காக் என்னும் அறிஞர், இந்நோய் ஒரு நுண்கிருமியால் விளைவது என்று சான்றோடு நிறுவினார். பரம்பரைச் சாபமன்று, முன்வினைப் பயனன்று, கிருமியே காரணம் என்பது அன்றே தெளிவாயிற்று. ஆயினும் கிருமியைக் கொல்லும் மருந்து அதன்பின் 60 ஆண்டுகளுக்கு மேலாகியும் கிட்டவில்லை. நல்ல காற்று, நல்ல உணவு, நெடிய ஓய்வு ஆகியவையே மருத்துவமாக இருந்தன. அதற்கென ஊருக்கு வெளியே சானடோரியங்கள் எழுந்தன.

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயிலில் சென்றோர் 'தாம்பரம் சானடோரியம்' என்னும் நிலையத்தைக் கண்டிருப்பர். ஒரு மருத்துவமனையின் பெயரைத் தாங்கிய நிலையம் அது. அம்மருத்துவமனையை 1928இல் நிறுவியவர் டாக்டர் டேவிட் சௌரி முத்து என்னும் தமிழர். அதற்கு முன் இங்கிலாந்திலும் அவர் ஒரு சானடோரியம் நடத்தினார். கணித மேதை இராமானுஜன் அங்கு நோயுற்ற நாளில் சில காலம் அதில் தங்கியிருந்தார்.

பதின்மூன்று ஆண்டுத் தவம்

நோய் வந்தபின் போராடுவதை விட, வராமல் காப்பது நன்றன்றோ? பிரான்சு நாட்டின் லீல் நகரில் கால்மெட், குவெரன் என்னும் இருவர் 1908இல் ஒரு பணியைத் தொடங்கினர். மாடுகளுக்குக் காசநோய் தரும் கிருமியை, உருளைக்கிழங்குத் துண்டில் பித்தநீர் கலந்து வளர்த்தனர். சில வாரங்களுக்கொரு முறை அதனைப் புதிய துண்டுக்கு மாற்றினர். போர் வந்தது, ஊர் பகைவர் வசமாயிற்று. பணி நிற்கவில்லை. 13 ஆண்டுகளில் 230 முறை மாற்றி வளர்த்தபின், அக்கிருமி உயிரோடு இருந்தும் நோய் செய்யும் வன்மையை இழந்தது. 1921இல் அது முதன்முதலாகப் பாரிசில் ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. அதுவே பி.சி.ஜி. அவ்விருவர் பெயரும் அந்த எழுத்துகளில் அடங்கியுள்ளன.

1930இல் செருமனியின் லூபெக் நகரில் ஒரு பேரிடர் நேர்ந்தது. ஆய்வுக்கூடத்தில் கொடிய கிருமி கலந்துவிட்ட மருந்தைப் பெற்ற குழந்தைகளுள் 70க்கும் மேற்பட்டோர் மாண்டனர். குற்றம் பி.சி.ஜி.யுடையது அன்று என்பது பின்னர்த் தெளிவாயிற்று. எனினும் அச்சம் உலகெங்கும் பரவிற்று.

சென்னையில் மூண்ட வாதம்

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948இல், சென்னைக் கிண்டியில் பி.சி.ஜி. ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. அவ்வாண்டிலேயே, அன்று சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளியில் ஊசி போடும் பணி தொடங்கிற்று. 1951இல் அது நாடு தழுவிய இயக்கமாக விரிந்தது. மருத்துவக் குழுவினர் பள்ளிக்கு வருவர். முதலில் முன்கையில் டியூபர்குலின் என்னும் நீரைச் சிறிதளவு தோலுக்குள் ஏற்றுவர். மூன்றாம் நாள் வந்து, அவ்விடம் தடித்திருக்கிறதா என்று அளந்து பார்ப்பர். தடித்திருந்தால் அக்குழந்தையின் உடலில் கிருமி முன்னரே புகுந்துள்ளது என்பது பொருள். தடிக்காத குழந்தைக்கே பி.சி.ஜி. போடப்படும்.

இவ்வியக்கத்தை எதிர்த்து எழுந்த குரல்களுள் பெரியது இராஜாஜியினுடையது. 1955இல் தாம் பி.சி.ஜி.யை எதிர்ப்பது ஏன் என்று விளக்கி ஒரு சிறு நூலே வெளியிட்டார் அவர். உயிருள்ள கிருமியை இலட்சக்கணக்கான குழந்தைகளின் உடலில் ஏற்றுவது தகுமா, அதன் பயன் ஐயமின்றி நிறுவப்பட்டதா என்பன அவர் எழுப்பிய வினாக்கள். அன்றைய மத்திய சுகாதார அமைச்சர் இராஜகுமாரி அமிர்த கௌர் இயக்கத்தின் பக்கம் உறுதியாக நின்றார். பிரிட்டனில் பள்ளி முடித்த இளைஞரிடையே நடந்த பெருஞ்சோதனை, 5 பேருக்கு வரும் நோயில் 4 பேரைப் பி.சி.ஜி. காக்கிறது என்று 1956இல் அறிவித்தது. வாதம் தணிந்தது. ஆனால் தீரவில்லை. அதன் முடிவைப் பின்னர்க் காண்போம்.

பின்கட்டு அறை

இவ்விடத்தில் என் குடும்பத்துச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும்.

என் தந்தையாருக்கு ஒரு தமக்கை இருந்தார். எனக்கு அத்தை. நான் பிறக்கும் முன்னரே மறைந்தவர். 1967இல், மணமாகி ஓராண்டு நிறையும் முன், இருமல் நோய் கண்டது என்று புக்ககத்தார் அவரை ஒரு டிரங்குப் பெட்டியோடு ஒலவக்கோட்டில் இருந்த என் பாட்டனார் வீட்டில் கொண்டு வந்து விட்டுச் சென்றனர். பாட்டனார் தண்டவாளம் பேணும் தொழிலாளி. பிள்ளைகள் நால்வர். வேறு வழி அறியாத அவர், கொல்லையில் விறகு அடுக்கும் கொட்டகையைத் துப்புரவு செய்து மகளை அங்கே வைத்தார். தனித் தட்டு, தனிக் குவளை. அப்போது பத்து வயதினரான என் தந்தையார் சோற்றுத் தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும் என்பது வீட்டுக் கட்டளை. அத்தை, "தம்பி, அங்கேயே உட்கார்ந்து பாடம் படியடா, கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்பாராம். மருந்து வாங்கி உண்டார். சில மாதங்களில் இருமல் தணிந்தது. நோய் போயிற்று என்று மருந்தை நிறுத்தினர். 1969இல் அக்கொட்டகையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருத்துவ ஆய்வு நிலையம் ஒன்று தொடங்கப் பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் கைகோத்து நிறுவியது அது. இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனப் பெயர் பெற்று விளங்குகிறது. வாலஸ் பாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் தலைமையில் அங்கு ஓர் எளிய வினா ஆராயப்பட்டது. சானடோரியத்தில் நல்லுணவோடும் ஓய்வோடும் மருந்து உண்பவர்க்கும், சென்னையின் நெரிசல் மிக்க குடிசையில் இருந்துகொண்டே அதே மருந்தை உண்பவர்க்கும் குணம் காண்பதில் வேறுபாடு உண்டா என்பதே அவ்வினா. யாரை எங்கு வைப்பது என்பதைச் சீட்டுப் போல நடுநிலையாகத் தெரிந்தெடுத்தனர். 1959இல் விடை வந்தது: வேறுபாடு இல்லை எனத்தக்க அளவு இரு சாராரும் ஒத்த குணம் பெற்றனர். குணமாக்கியது மருந்தே, சுவரன்று.

அவர்கள் அதோடு நிற்கவில்லை. வீட்டில் இருந்த நோயாளியின் மனைவி மக்களை 5 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். நோயாளி வீட்டிலிருந்து மருந்து உண்டதனால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவில்லை என்று 1966இல் அறிவித்தனர். பரவ வேண்டியது, நோய் இன்னதென்று அறியாது இருமிய நாட்களிலேயே பரவிவிடுகிறது. முறையாக மருந்து தொடங்கியபின் பரவும் ஆற்றல் விரைவில் ஒடுங்குகிறது.

1966! அத்தையைக் கொட்டகையில் வைத்ததோ 1967. நமக்கும் சென்னைக்கும் இடையே அன்று நாள்தோறும் இரயில் ஓடிற்று. அச்செய்தி மட்டும் வந்து சேரவில்லை.

மூன்றாம் நாள் மர்மம்

டியூபர்குலின் சோதனையில் ஊசி போட்ட இடம் உடனே தடிக்காமல், இரண்டு மூன்று நாள் கழித்தே தடிப்பது ஏன்? இச்சிறு வினா அறிஞர்களை அரை நூற்றாண்டு அலைக்கழித்தது.

உடலைக் காப்பது இரத்தத்தின் ஊநீரில் மிதக்கும் எதிர்ப்பொருள்களே என்று அந்நாளில் பெரும்பாலோர் நம்பினர். எதிர்ப்பொருள் செய்யும் வேலையாயின் தடிப்பு விரைவில் தோன்ற வேண்டும். 1942இல் அமெரிக்காவில் லாண்ட்ஸ்டைனர், சேஸ் என்னும் இருவர், சில இரசாயனப் பொருள்களுக்குத் தோல் தடிக்கும் இயல்பை ஒரு கினிப்பன்றியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற முயன்றனர். ஊநீரை மாற்றினால் அவ்வியல்பு செல்லவில்லை. உயிருள்ள வெள்ளணுக்களை மாற்றினால் சென்றது! டியூபர்குலின் தடிப்பும் அவ்வாறே வெள்ளணுக்களோடு செல்லும் என்று 1945இல் சேஸ் காட்டினார். காவல் புரிவது நீர் மட்டுமன்று, அணுக்களும் நேரில் வருகின்றன. வழியறிந்து வந்து கூட அவற்றுக்கு இரண்டு மூன்று நாளாகிறது. மூன்றாம் நாள் மர்மம் இதுவே.

அந்த அணுக்கள் யாவை? எங்கே பயிற்சி பெற்றன?

மார்பெலும்பின் பின்னே ஒரு பள்ளி

நம் மார்பெலும்பின் பின்னே, இதயத்துக்கு மேலாகத் தைமஸ் என்னும் சுரப்பி இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து, வயது ஏற ஏறச் சுருங்கிவிடும். ஆதலால் அது பயனற்ற உறுப்பு என்று பலர் கருதினர். 1961இல் இலண்டனில் ஜாக் மில்லர் என்னும் இளம் ஆராய்ச்சியாளர், பிறந்த உடனே சுண்டெலிக் குஞ்சுகளின் தைமஸை அகற்றிப் பார்த்தார். அவற்றின் உடலில் நிணநீர் அணுக்கள் மிகக் குறைந்தன. வேறு எலியின் தோலை ஒட்டினாலும் உடல் எதிர்க்கவில்லை. பல நோயுற்று இளமையிலேயே மடிந்தன. பயனற்றது என்று ஒதுக்கிய உறுப்பே காவற்படையின் பயிற்சிப் பள்ளி என்பது புலனாயிற்று.

1965இல் அமெரிக்காவில் மாக்ஸ் கூப்பரும் அவர் துணைவரும், கோழிகளில் எதிர்ப்பொருள் ஆக்கும் அணுக்கள் 'பர்சா' என்னும் வேறோர் உறுப்பில் வளர்வதைக் காட்டினர். இவ்வாறு நிணநீர் அணுக்கள் இருவகையாகப் பிரிந்தன. தைமஸில் பயில்வன 'டி' உயிரணுக்கள். எதிர்ப்பொருள் ஆக்குவன 'பி' உயிரணுக்கள்.

இரயில்வேயில் சேருவோர் திருச்சிப் பயிற்சிப் பள்ளிக்குச் சென்று தேறிவந்தே பணி ஏற்பதுண்டு. தைமஸ் பள்ளியின் தேர்வோ மிகக் கடுமையானது. தன் உடலின் அடையாளத்தைப் படிக்கவே தெரியாத அணுவும் தேறாது. தன் உடலையே பகையெனத் தாக்க முனையும் அணுவும் தேறாது. புகும் 100 அணுக்களுள் 95க்கு மேற்பட்டவை அங்கேயே மடிகின்றன. எஞ்சிய சிலவே காவலுக்கு வருகின்றன.

டி அணு பகைவனை எவ்வாறு அறிகிறது? நம் உடலில் உட்கரு உள்ள ஏறத்தாழ ஒவ்வோர் உயிரணுவும் தன்னுள் இருப்பனவற்றின் சிறு துணுக்குகளைத் தன் மேற்புறத்தில் ஏந்திக் காட்டிக்கொண்டே இருக்கிறது. வண்டியில் பரிசோதகர் பயணச்சீட்டோடு அடையாள அட்டையையும் சேர்த்துப் பார்ப்பதைப் போல, டி அணுவும் அயல் துணுக்கையும், அதை ஏந்தி நிற்கும் சொந்த உடலின் அடையாளத்தையும் ஒருங்கே பார்த்த பின்னரே செயலில் இறங்குகிறது. 1974இல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் இதனைக் கண்டறிந்த டோகர்ட்டி, சிங்கர்நாகல் இருவரும் 1996இல் நோபல் பரிசு பெற்றனர்.

காசக் கிருமியின் சூழ்ச்சியும் இங்கே விளங்கும். கிருமிகளை விழுங்கும் பேரணுக்களின் வயிற்றினுள்ளேயே அது குடியேறி ஒளிந்து வாழ்கிறது. வெளியே மிதக்கும் எதிர்ப்பொருள் அதனை எட்டாது. அப்போது உதவி டி அணுக்கள் வந்து துணுக்கைப் படித்து, பேரணுவுக்கு வலிமையூட்டும் பொருளைச் சுரக்கின்றன. பேரணு தன்னுள் இருக்கும் கிருமியைக் கொல்ல முனைகிறது. கொல்ல இயலாதவற்றைச் சுற்றி அணுக்கள் மதில்போல் சூழ்ந்து சிறை வைக்கின்றன. காசக் கிருமி புகுந்தவருள் 10 பேரில் 9 பேர் வாழ்நாள் முழுதும் நோயுறாமலிருப்பது இச்சிறைக் காவலினால்தான்.

செங்கற்பட்டின் தீர்ப்பு

இராஜாஜி எழுப்பிய வினாவுக்குத் தமிழ்நாட்டு மண்ணே விடை தந்தது. 1968 முதல் 1971 வரை அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், 2,50,000க்கும் மேற்பட்ட மக்களுக்குப் பி.சி.ஜி.யோ வெறும் நீரோ போடப்பட்டது. எது யாருக்கு என்பது போட்டவருக்கும் தெரியாது, பெற்றவருக்கும் தெரியாது. 15 ஆண்டுகள் அம்மக்களைத் தொடர்ந்து கவனித்தனர். ஏழரை ஆண்டு முடிவில் வந்த முதல் அறிக்கையே உலகைத் திகைக்க வைத்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தைப் பி.சி.ஜி. தடுக்கவில்லை! 1999இல் வெளியான 15 ஆண்டு அறிக்கையும் அதனையே உறுதி செய்தது.

பிரிட்டனில் பலித்தது இங்கே பலிக்காதது ஏன்? நம் மண்ணிலும் நீரிலும் காசக் கிருமியின் தீங்கற்ற உறவினக் கிருமிகள் மலிந்துள்ளன. அவற்றோடு பழகிப் பழகி நம் டி அணுக்கள் முன்னரே ஓரளவு பாடம் கற்றுவிடுகின்றன. ஆதலின் ஊசியால் புதிதாகக் கற்பிப்பது குறைவு என்பது அறிஞர் கூறும் காரணங்களுள் தலையாயது.

அப்படியாயின் தழும்பு வீணோ? அன்று. பச்சிளங் குழந்தையின் டி அணுக்கள் இன்னும் பாடம் கல்லாதவை. மூளை உறையைத் தாக்கும் காசத்தினின்றும், உடலெங்கும் பரவும் காசத்தினின்றும் குழந்தைகளைப் பி.சி.ஜி. காக்கிறது என்பது பிற ஆய்வுகளால் உறுதிப்பட்டுள்ளது. ஆகவேதான் பிறந்தவுடன் அதனைப் போடுகின்றனர். ஊசி தீங்கு என அஞ்சியோரின் அச்சமும் மெய்ப்படவில்லை, ஊசி ஒன்றே போதும் என நம்பியோரின் நம்பிக்கையும் மெய்ப்படவில்லை. தாம் விரும்பிய விடை வராதபோதும், வந்த விடையை மறைக்காது வெளியிட்டனரே, அவ்வாய்வாளரின் நேர்மை போற்றத்தக்கது.

காட்பாடிக்குச் சென்ற பனிப்பெட்டி

டி அணுக்கள் இல்லாவிடில் என்னவாகும் என்பதையும் தமிழகம் காண நேர்ந்தது. 1985 இறுதியில் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவை எச்.ஐ.வி. கிருமி இங்கு உண்டா என்று ஆராயப் பணித்தார். சென்னையில் திரட்டிய இரத்த மாதிரிகளைப் பனிப்பெட்டியில் வைத்துக்கொண்டு, நிர்மலா தம் கணவரோடு இரவு வண்டியேறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குச் சென்றார். நாம் சென்னை செல்லும்போதெல்லாம் கடக்கும் அதே காட்பாடி! சோதனையில் ஆறு மாதிரிகளில் அக்கிருமி தென்பட்டது. இந்தியாவில் அதன் முதல் அடையாளம் அதுவே.

எச்.ஐ.வி. குறிவைத்து அழிப்பது உதவி டி அணுக்களையே. காவலர் வீழ்ந்தால் சிறையின் மதில் இடியுமன்றோ? அந்நோயாளிகளிடம் உறங்கிக் கிடந்த காசக் கிருமி கிளர்ந்தெழுந்தது. டி அணுக்களே நம்மைக் காத்து வந்தன என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுவதில்லை.

காவலர் அடங்காமல் போனாலும் கேடே. சொந்த உடலைத் தாக்காதவாறு பிற அணுக்களை அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி அணுக்களைப் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல், சிமோன் சகாகுச்சி மூவருக்கும் 2025இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. நோயாளியின் டி அணுக்களையே எடுத்து, மாற்றியமைத்து, இரத்தப் புற்றுநோயோடு போரிடச் செய்யும் மருத்துவம் ஒன்று மும்பையில் உருவாகி 2023இல் அரசின் இசைவு பெற்றது. மூன்றாம் நாள் தடிப்பில் தொடங்கிய வினா எத்துணைத் தொலைவு வந்துவிட்டது!

முடிவுரை

இத்தனையும் நான் கற்றது நூலாசையால் அன்று. சில ஆண்டுகளுக்கு முன் என் இல்லாளுக்கு நுரையீரல் காசம் கண்டது. ஆறு மாதம் மருந்து உண்டு முற்றும் குணமடைந்தாள். அவள் இசைவோடுதான் இதனை எழுதுகிறேன். அந்த ஆறு மாதமும் நாங்கள் உங்களிடம், "ஊரில் அவள் அன்னைக்கு உடல் நலமில்லை, அதனால் சங்கத்துக்கு வரவில்லை" என்றே சொன்னோம். அது பொய். கொட்டகை வைத்தோரைக் குறைகூறும் நானும், என் வீட்டுக்குள்ளேயே ஒரு கொட்டகை கட்டினேன். பொறுத்தருள்க.

அந்நாளில் மருத்துவர் சொன்ன சென்னை ஆய்வின் செய்தியை என் தந்தையாரிடம் கூறினேன். "எந்த ஆண்டு?" என்று மட்டும் கேட்டார். "1966" என்றேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு உணவு வேளையில் தம் தட்டை எடுத்துக்கொண்டு போய், மருமகளின் அருகில் அமர்ந்து உண்டார். அன்றுமுதல் நாள்தோறும் அவ்வாறே உண்டார்.

அன்பர்களே! நம் காலனியில் வீடுகள் நெருங்கியுள்ளன. மூணாற்றிலும் பீர்மேட்டிலும் தேயிலைத் தோட்ட லயங்களில் வாழும் நம் உறவினரின் அறைகள் இன்னும் நெருக்கமானவை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றால் சளியைச் சோதித்தறிய வேண்டும். அரசு மருத்துவமனையில் சோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சை பெறுவோர்க்கு ஊட்ட உணவுக்காக மாதம் 1000 ரூபாய் அரசு உதவித் தொகையும் 2024 நவம்பர் முதல் உண்டு. இருமல் தணிந்தது என்று மருந்தை நடுவில் நிறுத்தலாகாது. என் அத்தை நிறுத்தியதை நினைவில் வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மருந்து உண்பவர் அருகில் அமர்ந்து உண்ணுங்கள்.

பிழைகளைப் பெரியோர் பொறுத்தருள வேண்டுகிறேன். வாழ்க நம் சங்கம்! வளர்க தமிழ்!